குறிஞ்சி பூக்கும் 2030-க்கு இன்னும் நான்கு மழைக்காலம்: வனத்துறைக்குக் கொடைக்கானல் மேல்மலையிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு வனத்துறையின் மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கும், மலையேற்றத் தடங்களை நடத்திவரும் தமிழ்நாடு வன அனுபவக் கழகத்தாருக்கும்,

வணக்கம்.

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை, எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு, முறைப்படி அனுமதி வாங்கி, பூம்பாறைக்கு மேலே எஞ்சியிருக்கும் ஒரு புல்வெளிக்கு நடந்து போனேன். முந்தின இரவு நல்ல மழை. முன்னால் வழிகாட்டியாக ஒரு பளியர் பழங்குடிப் பெரியவர் போனார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பிள்ளைகள் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிட்டார்கள். ஓரிடத்தில் ஒற்றையடிப் பாதை சேறாகிக் கிடந்தது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ஷூவில் சேறு படக்கூடாதென்று பக்கத்துச் செடிக்கூட்டத்துக்குள் இறங்கப் பார்த்தான். பெரியவர் கையிலிருந்த கோலைக் குறுக்கே நீட்டினார்.

"அங்க கால வைக்காதய்யா. அதுதான் அடுத்த பூவு."

பையன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அங்கே பூ எதுவும் இல்லை. பச்சையாக, அழகென்று சொல்ல ஒன்றுமில்லாத ஒரு புதர்க்கூட்டம் இருந்தது, அவ்வளவுதான்.

எல்லோரையும் ஒரு பாறைமேல் உட்காரவைத்து, அந்தச் செடியைத் தொடாமல் பார்க்கச் சொன்னேன். இடுப்பு உயரம்கூட இல்லை. தண்டு கறுத்து, கணுக் கணுவாக. ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிரே இரண்டு இலை. இலையின் விளிம்பில் சின்னச் சின்னப் பல். நரம்புகள் மேலே பள்ளமாக ஓட, கீழே அதுவே புடைத்து நின்றது. அடிப்பக்கம் பூனைக்குட்டியின் காது போல மெல்லிய மயிர். "இது என்ன செடி, யாருக்காவது தெரியுமா?" என்றேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அத்தனை பேரும் மேல்மலைப் பிள்ளைகள். பூண்டு வயலிலும் உருளைக்கிழங்குக் காட்டிலும் வளர்ந்தவர்கள். 2018-ல் அவர்களுக்கு நாலைந்து வயது இருந்திருக்கும். அப்பா தோள்மேல் உட்கார்ந்து மலை முழுக்க நீலமாகப் பார்த்த ஞாபகம் இரண்டு பேருக்கு இருந்தது. பூ ஞாபகம் இருந்தது. செடியைத் தெரியவில்லை.

இந்த மடலை அந்தச் செடிக்காகத்தான் எழுதுகிறேன். பூத்த குறிஞ்சிக்காகப் பேச 2030-ல் ஆயிரம் பேர் வருவார்கள். பூக்காத குறிஞ்சிக்காக இப்போது பேசவேண்டியிருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்த கணக்குதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கிறது. பூத்து, காய்த்து, விதையைத் தெறித்துவிட்டு, அந்தத் தலைமுறைச் செடி மொத்தமும் காய்ந்து செத்துப்போகிறது. அடுத்த மழையில் விதை முளைக்கிறது. எழுத்தில் பதிவாகியிருக்கும் பூப்பு வரிசை 1838-ல் தொடங்குகிறது. அதிலிருந்து பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்டிக்கொண்டே வந்தால் 1982, 1994, 2006, 2018. அடுத்தது 2030. அங்கொன்றும் இங்கொன்றுமாக முன்பின் பூக்கும் கூட்டங்கள் உண்டு. குறிஞ்சிக் குடும்பத்தில் வேறு காலக்கணக்கு உள்ள இனங்களும் எங்கள் மலையில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பூத்தாலே "குறிஞ்சி பூத்துவிட்டது" என்று செய்தி வந்து, வண்டிகள் ஏறிவிடுகின்றன. பெரும் பூப்பு என்று நாங்கள் காத்திருப்பது 2030-ல்.

அப்படியென்றால் 2018-ல் விழுந்த விதை இப்போது ஏழெட்டு வயதுச் செடியாகப் பாதையோரம் நிற்கிறது. 2030-ல் பூக்கப்போகும் ஒவ்வொரு செடியும் இன்றைக்கே மலையில் இருக்கிறது. புதிதாக ஒன்று வந்து சேர்ந்து, நாம் மிதித்துத் தொலைத்ததை ஈடுகட்டப் போவதில்லை. இன்று ஒரு கூட்டம் நடந்து நசுக்கிய திட்டு, 2030-ல் நீலத்துக்கு நடுவே ஒரு வெற்றுத் திட்டாகத் தெரியும். பெரியவர் "அடுத்த பூவு" என்று சொன்னதில் இவ்வளவும் இருக்கிறது.

ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் 1836-ல் பழனி மலைக்கு ஏறிவந்து செடிகளைச் சேகரித்தார். 1838 கணக்குப்படி பார்த்தால், அவர் நடந்த புல்வெளியில் குறிஞ்சி பூவில்லாத பச்சைப் புதராகத்தான் நின்றிருக்க வேண்டும். மலையேறும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும். தென்னிந்தியத் தாவரங்களுக்காகவே வாழ்ந்த ஒருவர்கூட, இரண்டு ஆண்டு முந்தி வந்ததால், அந்தப் பயணத்தில் அந்த நீலத்தைப் பார்த்திருக்க மாட்டார். அவருக்குப் பின்னால் செண்பகனூரில் இயேசு சபைப் பாதிரியார்கள் செடிகளைச் சேகரித்தார்கள், படம் வரைந்தார்கள். திருச்சி ராபினாட் உலர்தாவரகத்தின் அருள்பணி கே.எம். மேத்யூ பல ஆண்டுகள் இந்த மலையை நடந்தே அளந்து அதன் தாவரங்களைப் பட்டியலிட்டார். பூ இருக்கிற வருடம் பார்த்து வந்து போனவர்கள் இல்லை இவர்கள். பூ இல்லாத வருடங்களிலும் நடந்ததால்தான் இந்த மலையில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியவந்தது.

நடக்க வருகிறவர்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2024 அக்டோபரில் நீங்கள் 14 மாவட்டங்களில் 40 தடங்களைத் திறந்தபோது எனக்கு மனம் நிறைந்தது. 2018-ல் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற வந்தவர்கள் இறந்த துயரத்துக்குப் பிறகு வெகுகாலம் மலையேற்றம் என்றாலே பயம் என்று ஆகியிருந்தது. அதிலிருந்து மீண்டு, விதிமுறையோடு, அந்தந்த மலை மக்களையே வழிகாட்டியாக வைத்து, முன்பதிவோடு தடங்களைத் திறந்தது நல்ல காரியம். நடக்கிறவனுக்குத்தான் மலைமேல் பாசம் வரும். காரில் வந்து கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டுப் போகிறவருக்கு, மலை ஒரு படம். ஒற்றையடிப் பாதையில் அட்டைக்கடி வாங்கி, மூச்சு வாங்கி, சோலைக்குள் நுழைந்ததும் சட்டென்று குளிர்ந்துபோகும் காற்றில் நின்றவருக்கு அது வேறு.

அந்தக் குளிர்ச்சியைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் மலையில் காடு மலை முழுக்கப் பரவியிருக்காது. மேட்டிலும் சரிவிலும் புல், மடிப்புகளில் மட்டும் சோலை. புல்வெளியில் வெயில் சுள்ளென்று அடிக்கும்போது பத்தடி இறங்கினால் சோலை ஓரம். முதலில் காட்டுப் பூவரசு, தவிட்டுப்பழச் செடி. அதைத் தாண்டினால் பாசி போர்த்திய மரங்கள். மரப்பெரணி. ஓடைச் சத்தம். உள்ளே கால் வைத்ததுமே பழனிச் சிரிப்பான் பறவைக் கூட்டம் ஒன்று எச்சரிக்கைக் குரல் கொடுக்கும். ஒன்று தொடங்க, மற்றது வாங்கிப் பாடும். கொஞ்சநேரம் அசையாமல் நின்றால் சோலைக்கிளி தரையில் தத்தித் தத்தி வந்து இலையைப் புரட்டும். பேருக்குத்தான் கிளி. கருநீல நிறத்தில் சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு தரைக்குருவி. இந்த இரண்டு பறவைகளும் மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்பகுதி உச்சிகளில் மட்டுமே வாழ்கின்றன. ஓடைக்கரையில் காட்டுமாட்டின் குளம்புத் தடம் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பதிந்திருக்கும். அதில் தேங்கிய தண்ணீரில் தலைப்பிரட்டை நீந்தும். அன்றைக்கு எங்கள் பிள்ளைகள் அதிகநேரம் குனிந்து பார்த்தது அந்தக் குளம்புக் குட்டையைத்தான்.

புல் மழையை வாங்கி மெல்ல மெல்ல விடுகிறது. சோலை அதை ஓடையாக்கி அனுப்புகிறது. தெற்குச் சரிவில் இறங்குவது வைகைக்கும், வடக்கே இறங்குவது பழனி வழியாக அமராவதிக்கும் போய்ச் சேருகிறது. மதுரைக்காரர்களும் பழனிக்காரர்களும் குடிக்கிற தண்ணீரில் எங்கள் புல்லுக்குப் பங்கு இருக்கிறது.

அந்தப் புல்தான் போய்விட்டது. 1973-க்கும் 2014-க்கும் இடையே பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிட்டதைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று வாட்டில் என்ற அயல்நாட்டு மரத்தை வைத்தார்கள். மரக்கூழுக்கு யூக்கலிப்டஸ் வைத்தார்கள். பைனும் வந்தது. மிச்சத்தை விவசாயம் எடுத்துக்கொண்டது. அதில் எங்கள் பூண்டுக்கும் காரட்டுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. அன்றைக்குப் புல்வெளி என்றால் தரிசு என்று எல்லோரும் நினைத்தார்கள். மரம் நட்டால் புண்ணியம் என்று பாடத்தில் படித்து, பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தவன் நானும்தான். குறிஞ்சி அந்தப் "தரிசில்" வளர்கிற செடி. வாட்டில் நிழலில் அது பிழைக்காது.

2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பில் அறிவிக்கப்பட்டது. 2022-ல் வரையாட்டுக்கென்று தனித் திட்டம் அறிவித்தீர்கள். வரையாடு மேய்வதும் இந்தப் புல்லைத்தான். 2022-ல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நீலக்குறிஞ்சியைப் பாதுகாக்கப்பட்ட தாவரங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. காட்டிலிருந்து அதைப் பிடுங்குவது இன்று குற்றம். 2018-ல் இந்தச் சட்டப் பாதுகாப்பு இல்லை. இது பெரிய துணை. ஆனால் செடியைப் பார்த்து அடையாளம் சொல்லத் தெரியாத மலையில் சட்டம் யாரைக் காப்பாற்றும்?

2018 செப்டம்பரில் நான் பார்த்ததைச் சொல்லவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாலையோரச் சரிவு ஒன்றில் நல்ல பூப்பு. காலை ஏழு மணிக்கு நான் போனபோது அங்கே ஒரு முழம் அகலத்துக்கு ஒரே ஒரு நடைபாதை இருந்தது. தேனீக்கள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. பத்து மணிக்கெல்லாம் வண்டிகள் இரண்டு பக்கமும் நின்றுவிட்டன. ஒருவர் படம் எடுக்கச் செடிகளுக்கு நடுவே இறங்கினார். அவர் நின்ற இடம் நன்றாகத் தெரிந்ததால் அடுத்தவர் இன்னும் இரண்டடி உள்ளே போனார். யாரும் கெட்ட எண்ணத்தோடு வந்தவர்கள் இல்லை. ஒரு சுற்றுலா வேனில் வந்த பெண்கள், கோயிலுக்குப் பூக் கொண்டுபோவது போலக் கை நிறையக் கொத்துக் கொத்தாக ஒடித்தார்கள். ஒரு பாட்டி என்னிடமே, "பன்னெண்டு வருசத்துப் பூவுப்பா, சாமிக்கு வைக்கணும்" என்றார். என்ன சொல்லித் தடுப்பது என்று தெரியாமல் நின்றேன். குறிஞ்சிப் பூ ஒடித்த கொஞ்சநேரத்தில் துவண்டுவிடும். மாலையில் திரும்பும்போது, அடுத்த இரண்டு வளைவுகளில் சாலையோரம் அந்தக் கொத்துகள் கறுத்துக் கிடந்தன. இரண்டு வார இறுதிகளுக்குப் பிறகு, முழம் அகலப் பாதை இருந்த இடத்தில் மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு மண் தெரிந்தது. ஒடித்த ஒவ்வொரு கொத்தும், விதை வைக்காமல் போன ஒரு கொத்து. இப்போது அந்தச் சரிவுக்குப் போனால் அந்த அகலத்துக்குக் குறிஞ்சி இல்லை. காலி இடத்தில் வாட்டில் கன்றுகள் வந்து தோள் உயரம் நிற்கின்றன.

அந்தப் பாட்டியை நான் குறைசொல்ல மாட்டேன். அவருக்குப் பூவைப் பற்றி மட்டும்தான் நாம் சொல்லியிருந்தோம். செடி சாகும், இந்த விதைதான் அடுத்தது, இதற்கு வேறு வழி கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. பன்னிரண்டு ஆண்டில் பதினோரு ஆண்டு அதைப் பற்றிப் பேசாமல் இருந்துவிட்டு, பன்னிரண்டாவது ஆண்டில் பத்தடிக்கு ஒரு காவலரை நிறுத்தினால் கூட்டம் அடங்காது.

ஆகவே என் கோரிக்கை 2030-லிருந்து தொடங்கவில்லை. இந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறது.

பழனி மலையில் நடக்கும் ஒவ்வொரு தடத்திலும், பூக்காத குறிஞ்சியை நின்று காட்டும் ஓர் இடம் வையுங்கள். பலகை வேண்டாம். பலகை வைத்தால் அங்கே ஒரு கூட்டம் நின்று படம் எடுக்கும். வழிகாட்டி நிறுத்தி, குனிந்து, இலையைக் காட்டிச் சொன்னால் போதும். ஒரு தடத்தில் ஒரு நாளைக்குச் சில பேர் என்றாலும், நான்கு ஆண்டில் செடியை அறிந்தவர்கள் ஒரு பெருங்கூட்டம் ஆகிவிடுவார்கள். 2030-ல் செடிக்கூட்டத்துக்குள் இறங்கப் பார்க்கும் ஒருவரை, பக்கத்தில் நிற்கும் இன்னொருவர் கைப்பிடித்து நிறுத்துவார். காக்கி உடையைவிட அந்தக் கைக்கு வலு அதிகம்.

இதற்கு வழிகாட்டிகள் மனம் வைக்கவேண்டும். இந்த இடத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். இன்றைக்குப் பல தடங்களில் வழிகாட்டியின் வேலை, ஆட்களை எண்ணி அழைத்துப்போய், எண்ணித் திரும்பக் கொண்டுவருவது என்ற அளவில் நடக்கிறது. பாதுகாப்புக்கு அது தேவைதான். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது அதைப்போல நூறு மடங்கு. எந்தப் பாறையிடுக்கில் மலைத்தேனீ இந்த வருடம் கட்டியிருக்கிறது, எந்த ஓடை பங்குனியிலும் வற்றாது, காட்டுமாடு கன்றோடு நிற்கிறதா தனியாக நிற்கிறதா என்று வாசனையிலேயே சொல்வார்கள். பளியர்கள் குறிஞ்சிப் பூப்பை வைத்து வயதைக் கணக்கிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்களோடு வந்த பெரியவர் தான் ஆறு பூ பார்த்தவர் என்றார். அவர் பிள்ளைகளிடம் சொன்ன பெயர்களில் பாதி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ஒரு கொடியைக் காட்டிக் கிழங்குக்கு எப்போது தோண்டவேண்டும், தோண்டினால் தலைப்பகுதியை எப்படித் திரும்பப் புதைக்கவேண்டும் என்று செய்தே காட்டினார். நடக்க வருகிறவர்கள் கேட்காததால் இவற்றையெல்லாம் அவர்கள் சொல்வதில்லை. நகரத்திலிருந்து வருகிறவர் கையில் செயலி இருக்கிறது. அது அறிவியல் பெயரைச் சொல்லிவிடுகிறது. பக்கத்தில் நிற்கிறவரிடம் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றுவதில்லை.

அந்த அறிவுக்குத் தனியாக மதிப்பும் தனியாகக் கூலியும் வையுங்கள். பயிற்சி என்றால் அவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுப்பது மட்டுமாக இருக்கவேண்டாம். இளம் வனக்காப்பாளர்கள் ஒரு வாரம் அவர்கள் பின்னால் நடக்கட்டும். செடிகளுக்கு அவர்கள் சொல்லும் பெயர்களைக் கேட்டு எழுதி, அவர்கள் சம்மதித்ததை மட்டும், ஒவ்வொரு தடத்துக்கும் தமிழில் ஒரு சிறு கையேடாக அச்சிடுங்கள். மருந்துச் செடி, தேன் இடம் போன்றவற்றை அவர்கள் வெளியே சொல்ல விரும்பாவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள்.

கோடையில் தீப்பருவத்தில் தடங்களை மூடுகிறீர்கள். அது சரி. தொடரவேண்டும். ஆனால் அந்த வாரங்களில் வழிகாட்டி வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? அதே ஆட்களை அந்தக் காலத்தில் தீக்காவலுக்கும், புல்வெளிக்குள் வந்த வாட்டில் கன்றுகளைப் பிடுங்கும் வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம். வாட்டில் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். தீப்பட்டால் ஒரேயடியாக முளைக்கும். மரத்தை வெட்டி அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்த இடங்களில், நாலு வருடத்தில் முன்னைவிட அடர்த்தியாக அது எழுந்து நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பழைய தோப்புகளுக்கு அடியில் சோலை மரக்கன்றுகள் தானாக எழும்பி வருகிற இடங்களும் உண்டு. வட்டக்கானல் பக்கம் பல்லாண்டுகளாகச் சோலைச் செடிகளையும் புல்வகைகளையும் நாற்றங்காலில் வளர்த்து வருகிறவர்கள் இதை விடாமல் சொல்லி வருகிறார்கள். அங்கே ஒட்டுமொத்தமாக வெட்டக்கூடாது. எங்கே வெட்டுவது, எங்கே விடுவது, எங்கே கையால் பிடுங்குவது என்பதை மலையை நடந்தே முடிவுசெய்ய வேண்டும். மேசையில் வைத்த வரைபடத்தில் அது தெரியாது. குறிஞ்சித் திட்டுகளைச் சுற்றி முதலில் தொடங்குங்கள். இன்று கையால் பிடுங்கக்கூடிய கன்று 2030-க்குள் மரமாகிவிடும்.

2030 ஆண்டுக்கான ஏற்பாட்டைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. நல்ல முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. எங்கள் மலைக்கு மேற்கே ஒட்டியிருக்கும் வட்டவடைப் பக்கம் கேரள அரசு 2006-ல் குறிஞ்சிக்கென்றே ஒரு சரணாலயத்தை அறிவித்தது. இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலையில் சொந்த வண்டியை விடுவதில்லை. வனத்துறைப் பேருந்தில்தான் ஏறவேண்டும். வரையாடு குட்டி போடும் காலத்தில் பூங்காவையே மூடிவிடுகிறார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை. நம் பக்கமும், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடையில் வண்டிகளின் எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது. வரம்பு வைக்க முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. குறிஞ்சிக் காலத்துக்கும் அதை முன்கூட்டியே அறிவித்துவிட்டால், விடுதிக்காரர்களும் டாக்சிக்காரர்களும் அதற்கேற்பத் திட்டம் போட்டுக்கொள்வார்கள். பார்க்கத் திறக்கும் இடங்கள் இரண்டோ மூன்றோ போதும். மிச்சத் திட்டுகளைப் பற்றி யாரும் பேசவேண்டாம். அவை எங்கே இருக்கின்றன என்று உங்களுக்கும் அந்தந்த ஊர்க்காரர்களுக்கும் தெரிந்திருந்தால் போதும். நானும் எந்தப் புல்வெளி என்று இந்த மடலில் சொல்லாததற்குக் காரணம் அதுதான்.

எனக்கு உண்மையில் தூக்கம் கெடுவது 2030-ஐ நினைத்து இல்லை. 2031-ஐ நினைத்து.

பூ முடிந்ததும் எல்லோரும் இறங்கிப் போய்விடுவார்கள். கேமராக்கள் போய்விடும். அதற்குப் பிறகுதான் செடியின் வேலையே தொடங்குகிறது. பூ உதிர்ந்து, காய் முற்றி, விதை தெறிக்க மாதங்கள் ஆகும். அதற்குள் பனிக்காலம் வந்துவிடும். செடிகள் ஒன்றுவிடாமல் காய்ந்து, சரிவு முழுக்க விறகுச் சுள்ளியாக நிற்கும். பிப்ரவரியில் புல்லும் காய்ந்துவிடும். மார்ச்சில் எங்கள் மலையில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2018 மார்ச் 11-ல் குரங்கணியில் அந்தப் புல்தான் எரிந்தது. காற்று மேல்நோக்கி அடிக்க, சரிவில் ஏறிய தீயிலிருந்து ஓட முடியாமல் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பெரும்பாலும் இளவயதுக்காரர்கள். மலையை நேசித்து நடக்க வந்த பிள்ளைகள். அன்று இரவு, போடி மலைப் பக்கம் பார்த்தபடி எங்கள் ஊரில் யாரும் தூங்கவில்லை.

அந்தத் தீ குறிஞ்சி பூப்பதற்கு முந்தைய கோடையில் வந்தது. செடிகள் அப்போது பச்சையாக இருந்தன. 2031 கோடையில் அவை காய்ந்து நிற்கும். தரையில் அந்தப் பன்னிரண்டு ஆண்டுக்கான விதை மொத்தமும் முளைக்காமல் கிடக்கும். அந்த ஒரு கோடையில் ஒரு பீடித்துண்டு, ஒரு முகாம் நெருப்பு, சாலையோரம் குப்பை எரித்த ஒரு கங்கு போதும். 2042 அங்கேயே எரிந்துவிடும். ஆகவே 2031 ஜனவரி முதல் அடுத்த மழை நன்றாக இறங்கும்வரை, குறிஞ்சித் திட்டுகளைச் சுற்றித் தீத்தடுப்புக் கோடுகளும், இரவும் பகலும் தீக்காவலும் வேண்டும். மாட்டை அந்தச் சரிவுகளில் விடாமல் இருக்க ஊர்க்கூட்டங்களில் நாங்களே பேசி முடிவெடுக்கிறோம். அதற்கான பணத்தை 2030-ல் நுழைவுக் கட்டணமாக வருவதிலிருந்தே ஒதுக்கிவைக்க முடியும். அந்தத் தொகை வேறெங்கும் போகாமல் இருக்க இப்போதே ஓர் உத்தரவு போட்டுவிடுங்கள். பூ முடிந்தபிறகு கேட்டால் யார் காதிலும் ஏறாது.

இன்னும் ஒன்று. மலையேற்றத் தடம் என்றால் புதிதாக வெட்டவேண்டும் என்று இல்லை. 1910-களில் மலைச்சாலை வரும்வரை கொடைக்கானலுக்கு எல்லோரும் பெரியகுளம் பக்கத்திலிருந்து நடந்தும் டோலியிலும்தான் ஏறினார்கள். கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக வட்டக்கானல் வரும் பாதை இன்றும் இருக்கிறது. வெள்ளகவி ஊருக்குள் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. வெளியூர்க்காரர்களும் ஊர் எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். யாரும் அபராதம் போடுவதில்லை, பலகை வைத்துப் பயமுறுத்துவதில்லை. அந்த ஊர் அப்படி, அவ்வளவுதான். குறிஞ்சிச் சரிவிலும் இதைப்போல ஒரு வழக்கம் வரவேண்டும் என்பது என் ஆசை. பாதையை விட்டு இறங்கமாட்டோம் என்பது ஒரு வழக்கமாக, மரியாதையாக. வழக்கம் உருவாக நான்கு ஆண்டு குறைவுதான். ஆனால் அந்த நான்கு ஆண்டு நம் கையில் இருக்கிறது.

வரும் ஆவணியில் மறுபடியும் பிள்ளைகளோடு நடக்கிறோம். அதே பெரியவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முறைப்படி விண்ணப்பம் தருகிறேன். இந்த முறை உங்களில் ஒருவர் எங்களோடு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஜீப்பை பூம்பாறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் பத்து மணிக்குள் சோலை ஓரம் போய்விடலாம். அட்டைக்கு உப்பும் வேப்பெண்ணெயும் நாங்கள் கொண்டுவருகிறோம். போன முறை கோலுக்கு முன்னால் நின்ற பையன் இப்போது ஏழாம் வகுப்பு. அந்த இடம் வந்ததும் செடியை உங்களுக்குக் காட்டுகிற பொறுப்பை அவன் கேட்டு வாங்கியிருக்கிறான்.

நம்பிக்கையுடன்,
மேல்மலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர்